பள்ளியில் படிக்காத லத்தீனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க முடியுமா?

லண்டனில் இருக்கும் ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் ஏ லெவல், அதாவது பள்ளியின் கடைசி இரண்டு வருடப் படிப்பில், முதல் வருடம் படிக்கிறாள். பல்கலைக்கழகத்தில் லத்தீன் மொழியும் இலக்கியமும்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவள் போகும் அரசுப் பள்ளியில் லத்தீனே கிடையாது. ஒரு சொல்கூடத் தெரியாமல் சேர முடியுமா? மூன்று நான்கு வருடம் அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்? படித்து முடித்து என்ன செய்வாள்?

நானும் அந்த வழியில் வந்தவள்தான். லத்தீனில் முதல் சொல்லை நான் படித்தது 19 வயதில், பல்கலைக்கழக வகுப்பறையில். இப்போது அதே மாதிரி ஒன்றும் தெரியாமல் வரும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்பு எடுக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: தாராளமாக முடியும். ஒரு காலத்தில் லத்தீன் தெரியாமல் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் எந்தப் பாடத்துக்குமே நுழைய முடியாது. இயற்பியல் படிக்க வருகிறவரும் லத்தீன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அந்த விதி 1960-ல் போயிற்று. இன்று கிளாசிக்ஸ் துறைகளே, அதாவது பண்டைய லத்தீனும் கிரேக்கமும் சொல்லித் தரும் துறைகளே, லத்தீன் தெரியாதவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. கேம்பிரிட்ஜில் ஏற்கெனவே லத்தீன் படித்தவர்களுக்கு 3 வருடம். படிக்காதவர்களுக்கு முன்னால் ஒரு வருடம் மொழிக்கென்றே சேர்த்து 4 வருடம். ஆக்ஸ்போர்டில் கிளாசிக்ஸ் எல்லோருக்குமே 4 வருடப் படிப்பு. அங்கும் லத்தீன், கிரேக்கம் இரண்டு மொழியும் தெரியாதவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன், கிங்ஸ் காலேஜ், டர்ஹம் போன்ற இடங்களிலும் அடியிலிருந்து லத்தீன் சொல்லித் தரும் வகுப்புகள் உண்டு.

ஒரே ஒரு எச்சரிக்கை. பட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ‘கிளாசிக்கல் ஸ்டடீஸ்’, ‘ஏன்ஷியன்ட் ஹிஸ்டரி’ போன்ற பெயர்களில் வரும் பட்டங்கள் பலவற்றில் எல்லா நூல்களையும் ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே படித்து முடித்துவிடலாம். அவையும் நல்ல படிப்புகள்தான். ஆனால் உங்கள் மகளுக்கு வேண்டியது லத்தீன். ஆகவே சேர விரும்புகிறவர்களுக்குப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டும் திறந்த நாளுக்கு (ஓப்பன் டே) போகும்போது இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: தொடக்க நிலையில் வருகிறவர்களுக்கு வாரம் எத்தனை மணி நேரம் மொழி வகுப்பு? கடைசி வருடத்தில் அவர்கள் மூல நூலை லத்தீனிலேயே படிக்கிறார்களா? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

சரி, சேர்ந்த பிறகு என்ன நடக்கும்? முதல் வருடம் முழுக்க வாய்பாடுதான். பெயர்ச்சொல்லில் ஐந்து வகை, வினையில் நான்கு வகை. ஒவ்வொரு பெயருக்கும் ஆறு வேற்றுமை, ஒருமை, பன்மை. வினைக்குக் காலம், இடம், எண், செய்வினை, செயப்பாட்டுவினை எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு சாதாரண வினைச்சொல்லே நூற்றுக்கு மேற்பட்ட வடிவம் எடுக்கும். இதைத் தினமும் அரை மணி நேரம் வாய்விட்டுச் சொல்லிப் படிக்காமல் யாராலும் தாண்ட முடியாது. புத்திசாலிப் பிள்ளைகள்தான் இங்கே அதிகம் தடுமாறுகிறார்கள். பள்ளியில் எதையும் மனப்பாடம் செய்யாமலே நல்ல மதிப்பெண் வாங்கிப் பழகியிருப்பார்கள். லத்தீன் அதற்கு இடம் கொடுக்காது.

உங்கள் மகள் வீட்டில் தமிழ் பேசுகிறாள் என்றால் சில இடங்களில் அவளுக்கு வழி சுலபம். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வகுப்பில் நேரில் பார்த்திருக்கிறேன். லத்தீனில் ‘அமோ’ என்றால் ‘நேசிக்கிறேன்’. நான் என்ற சொல் தனியாகத் தேவையில்லை, நமது ‘ஏன்’ விகுதி மாதிரி அந்த ‘ஓ’ போதும். ‘வேனித்’ என்றால் வருகிறான், ‘வேனித்னே’ என்றால் வருகிறானா. நமது ‘ஆ’ போலவே ‘னே’ வந்து கடைசியில் ஒட்டிக்கொள்கிறது. ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவியம் ‘அர்ம விரும்க்வெ கனோ’ என்று தொடங்கும். ‘படைக்கலங்களையும் ஒரு வீரனையும் பாடுகிறேன்’. அந்த ‘க்வெ’ அப்படியே நம் ‘உம்’. இரண்டு சொல்லிலும் வராமல் இரண்டாவதில் மட்டும் ஒட்டும், அவ்வளவுதான் வித்தியாசம். செயப்படுபொருள் முதலில், வினை கடைசியில். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இந்த மூன்று சொல் பெரிய குழப்பம். தமிழ்ப் பிள்ளைக்கு இது வீட்டுப் பேச்சு.

இன்னொன்றும் உண்டு. ‘மழை பெய்ய, குளம் நிறைந்தது’ என்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது குளம். இரண்டுக்கும் எழுவாய் வேறு, ஆனாலும் நமக்கு உறுத்துவதில்லை. லத்தீனில் ‘உர்பே கப்தா’ என்று இரண்டே சொல்லில் ‘நகரம் பிடிபட’ என்பார்கள். சீசரின் போர்க் குறிப்புகளில் பக்கத்துக்குப் பக்கம் இது வரும். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு நீளமான பெயர் வைத்து ஒரு வாரம் பாடம் நடத்துகிறோம். தமிழ் தெரிந்த ஒரு மாணவியிடம் ‘மழை பெய்ய’ என்றேன், அன்றோடு அந்தப் பாடம் அவளுக்கு முடிந்தது.

ஆனால் தமிழ் கைகொடுக்காத இடங்களும் இருக்கின்றன. மேசை லத்தீனில் பெண்பால், சுவர் ஆண்பால். திணையும் பாலும் பொருளைப் பார்த்து வரும் மொழியில் வளர்ந்தவர்களுக்கு இது வெறும் மனப்பாடம்தான். ‘நல்ல’ என்ற சொல் தமிழில் யாருக்கு முன்னால் வந்தாலும் மாறாது. லத்தீனில் ‘போனுஸ், போன, போனும்’ என்று பெயருக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். அப்படி மாறுவதால்தான் கவிஞர்கள் பெயரடையை ஒரு வரியிலும் பெயரை அடுத்த வரியிலும் வைத்து விளையாட முடிகிறது. அப்புறம் ‘என்று’. ‘அவன் வந்தான் என்று சொல்கிறேன்’ என்பதில் அந்த ‘என்று’ நமக்கு எல்லைக்கல். லத்தீனில் அந்தக் கல்லே இல்லை. சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘சொல்கிறேன் அவனை வந்திருத்தல்’ என்று வரும். வரலாற்றாசிரியர் லிவி இதே அமைப்பில் ஒரு தளபதியின் முழுச் சொற்பொழிவையும் எழுதிவிடுவார். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று பிடிப்பதற்குள் கண்ணைக் கட்டும்.

முதல் வருடத்தில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அதை மட்டும் தொடக்கத்திலேயே தடுத்துவிட்டால் பாதி வெற்றி. வாக்கியத்தைப் பார்த்ததும் வினையைத் தேடிப் பிடி, பிறகு எழுவாயைத் தேடு, பிறகு மிச்சத்தைப் பொருத்து என்று பல இடங்களில் இன்னும் சொல்லித் தருகிறார்கள். அது வாசிப்பு இல்லை, துண்டுகளைப் பொறுக்கி ஒட்டும் வேலை. ரோமானியர் கடைசிச் சொல்லை முதலில் கேட்கவில்லை. சொல் வந்த வரிசையில்தான் கேட்டார்கள். நாமும் தமிழில் வினை வரும்வரை எல்லாவற்றையும் மனத்தில் ஏந்திக்கொண்டுதானே கேட்கிறோம்? அதே பொறுமையோடு இடமிருந்து வலமாகப் படிக்கப் பழக வேண்டும். இரண்டு மாதம் வேகம் குறையும். மூன்றாம் மாதம் வாக்கியம் தானாகத் திறக்கத் தொடங்கும்.

இரண்டாம் வருடத்திலிருந்து இலக்கியம். சிசெரோ, சீசர், வர்ஜில், ஓவிட், ஹோரஸ், லிவி, டாசிட்டஸ் என்று ரோமானிய எழுத்தாளர்களின் வரிசை நீளும். ஒரு நூலில் குறிப்பிட்ட பகுதியைக் கொடுத்து, வரி வரியாகப் படித்துக் கொண்டு வரச் சொல்வார்கள். தேர்வில் அதிலிருந்து ஒரு துண்டைக் கொடுத்து மொழிபெயர்க்கவும் விளக்கவும் கேட்பார்கள். ‘அன்சீன்’ என்று இன்னொரு தேர்வு: முன்பின் பார்க்காத ஒரு பத்தி, அகராதி கிடையாது, மொழிபெயர்க்க வேண்டும். சில துறைகளில் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து லத்தீனில் எழுதச் சொல்வதும் உண்டு. பலர் இதைப் பழங்காலப் பயிற்சி என்று தட்டிக்கழிப்பார்கள். இருந்தால் உங்கள் மகளை எடுக்கச் சொல்லுங்கள். நான் சிசெரோவின் வாக்கியம் ஏன் அப்படி வளைகிறது என்று புரிந்துகொண்டது, அதுபோல ஒன்றை எழுதப் போய்த் தோற்றபோதுதான்.

இலக்கிய வகுப்பு எப்படி இருக்கும் என்று காட்ட இரண்டே வரி எடுத்துக்கொள்கிறேன். கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் கட்டுல்லஸ் எழுதியது.

ஓடி எத் அமோ. க்வாரே இத் ஃபகியம், ஃபோர்தஸ்ஸே ரெக்வீரிஸ்?
நெஸ்கியோ, செத் ஃபியெரீ செந்தியோ எத் எக்ஸ்க்ருகியோர்.

‘வெறுக்கிறேன், நேசிக்கிறேன். ஏன் இப்படிச் செய்கிறேன் என்று ஒருவேளை நீ கேட்பாய். தெரியவில்லை. ஆனால் அப்படி ஆகிறது என்று உணர்கிறேன், வதைபடுகிறேன்.’

கவிதை அவ்வளவுதான். முதல் தடவை படித்தபோது, இதில் என்ன இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆசிரியர் சொற்களை எண்ணச் சொன்னார். 14 சொல். அதில் 8 வினை. பெயர்ச்சொல் ஒன்றுகூட இல்லை, பெயரடையும் இல்லை. காதலியின் பெயர் இல்லை, கண் இல்லை, கூந்தல் இல்லை. ஒரு மனிதனுக்குள் நடப்பது மட்டும் இருக்கிறது. பிறகு முதல் வரியில் உள்ள ‘ஃபகியம்’, இரண்டாம் வரியில் உள்ள ‘ஃபியெரீ’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். முதலாவது ‘செய்கிறேன்’. இரண்டாவது அதே வினையின் செயப்பாட்டு வடிவம், ‘ஆகிறது’. நீ ஏன் இதைச் செய்கிறாய் என்று கேட்கிறவனுக்கு, நான் செய்யவில்லை, எனக்கு இது நடக்கிறது என்பது பதில். கடைசிச் சொல்லான ‘எக்ஸ்க்ருகியோர்’ என்பதற்குள் ‘க்ருக்ஸ்’ இருக்கிறது, அடிமைகளை ஏற்றிக் கொன்ற சிலுவை மரம். கவிதை ‘வெறுக்கிறேன்’ என்று தானே செய்யும் வினையில் தொடங்கி, தன்மீது செய்யப்படும் சித்திரவதையில் முடிகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் தாண்டியது இரண்டு வரி. மொழிபெயர்ப்பில் படித்தால் ஒரு நிமிடத்தில் புரட்டிப் போயிருப்போம். இந்தப் படிப்பில் சொல்லித் தருவது இதைத்தான், மெதுவாகப் படிப்பதை.

இதே கவிஞரை வைத்து இன்னொரு பாடமும் நடக்கும். கட்டுல்லஸின் கவிதைகள் ஏறத்தாழ முழுவதும் இன்று நம்மிடம் இருப்பதற்குக் காரணம் வெரோனாவில் கிடைத்த ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. அந்தப் பிரதியும் தொலைந்துவிட்டது. அதன் வழிவந்த மூன்று பிரதிகள்தான் ஆதாரம்: ஒன்று ஆக்ஸ்போர்டில், ஒன்று பாரிஸில், ஒன்று வத்திக்கானில். வத்திக்கான் பிரதி 1896-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பதிப்பின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொடி எழுத்தில், எந்தப் பிரதியில் என்ன பாடம் என்று பாடபேதக் குறிப்பு இருக்கும். முதல் கவிதையிலேயே ஒரு வரியில், பிரதிகளில் உள்ளபடி படித்தால் பத்து அசைதான் வருகிறது. அந்த யாப்புக்குப் பதினொன்று வேண்டும். அங்கே ‘ஓ’ என்று ஒரு விளியைச் சேர்த்துத்தான் பெரும்பாலும் அச்சிடுகிறார்கள். நம் பதிப்பாசிரியர்கள் தளை தட்டுகிறது என்று சொல்லி ஏட்டில் விடுபட்ட எழுத்தைக் கண்டுபிடிப்பார்களே, அதே வேலை. லிவி எழுதியது 142 புத்தகம், எஞ்சியது 35. கையில் இருப்பது எவ்வளவு சொற்பம், அது எப்படி வந்து சேர்ந்தது என்று தெரிந்த பிறகு ஒரு வரியையும் அலட்சியமாகப் படிக்க மனம் வராது.

எனக்கு மிகவும் பிடித்தது கவிதை அல்ல, கடிதம். கி.மு. 58-ல் நாடு கடத்தப்பட்ட ரோமானிய அரசியல்வாதி சிசெரோ மனைவி தெரென்ஷியாவுக்கு எழுதுகிறார். உங்களுக்கு எழுதும்போதும் உங்கள் கடிதங்களைப் படிக்கும்போதும் கண்ணீர் தாங்க முடியவில்லை என்கிறார். பதினொரு வருடம் கழித்து, கி.மு. 47 அக்டோபரில், அதே மனைவிக்கு இன்னொரு கடிதம். கிராமத்து வீட்டுக்கு வருகிறோம், கூட ஆட்கள் வருவார்கள், எல்லாம் தயாராக இருக்கட்டும். பிறகு இந்த வரி: ‘லாப்ரும் ஸீ இன் பலினெயோ நோன் எஸ்த், உத் ஸித்.’ குளியலறையில் தொட்டி இல்லையென்றால், இருக்கும்படி செய். பாசமாக ஒரு சொல் இல்லை. அதற்குப் பிறகு அதிக காலம் ஆகவில்லை, இருவரும் பிரிந்துவிட்டார்கள். அகராதியைத் தொடாமல் நான் படித்து முடித்த முதல் லத்தீன் வாக்கியம் இதுதான். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு வீட்டில், ஒரு குளியல் தொட்டியைச் சாக்காக வைத்து ஒரு மணவாழ்க்கை முடிந்துகொண்டிருப்பது நடுவில் யாரும் இல்லாமல் என் காதில் விழுந்தது. நூலகத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

மொழி தேவையே இல்லை, மொழிபெயர்ப்பு போதும் என்று ஒரு வாதம் இப்போது பலமாக இருக்கிறது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2021-ல், கிளாசிக்ஸை முதன்மைப் பாடமாக எடுப்பவர்களுக்கு லத்தீனோ கிரேக்கமோ கட்டாயம் என்பதை நீக்கியது. வசதியான பள்ளிப் பிள்ளைகள் மட்டுமே வருகிறார்கள் என்ற கவலை நியாயமானது, நானே அந்த வேலிக்கு வெளியே நின்றவள்தான். ஆனால் அதற்கு மருந்து, ஏழைப் பிள்ளைக்கு மொழி வேண்டாம் என்று சொல்வது அல்ல. அடியிலிருந்து நன்றாகச் சொல்லித் தருவது. இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளில் லத்தீனைக் கொண்டுவர 2022-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தை 2025-ல், அதுவும் கல்வியாண்டின் நடுவிலேயே, நிறுத்தியது எனக்கு இன்றும் ஆறவில்லை. பிள்ளைகள் பாதிப் பாடத்தில் இருந்தார்கள்.

லத்தீன் ரோமோடு முடிந்துவிடவில்லை என்பதையும் உங்கள் மகள் தெரிந்துகொள்ளட்டும். லத்தீனில் எழுதப்பட்டவற்றில் மிகப் பெரும்பகுதி பேரரசு விழுந்த பிறகு எழுதப்பட்டது. நியூட்டன் 1687-ல் தன் பெரிய நூலை வெளியிட்டது லத்தீனில்தான். நமக்கு நேரடியாகச் சொந்தமான ஒரு பகுதியும் உண்டு. சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் லத்தீனில் அச்சானது. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியாக லத்தீனில் இலக்கணம் எழுதினார், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். இவற்றை ஆராய லத்தீன், தமிழ் இரண்டும் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். கடைசி வருட ஆய்வுக் கட்டுரைக்கு அவள் தலைப்புத் தேடி அலைய வேண்டியதில்லை.

வேலை பற்றிக் கேட்டீர்கள். மருத்துவம் போல நேராக ஒரு வேலையில் கொண்டுபோய் விடும் பட்டம் இல்லை இது. அதை மறைப்பதில் பயனில்லை. என்னோடு படித்தவர்களில் வழக்கறிஞர் இருக்கிறார், அரசுப் பணியில் இருக்கிறார்கள், ஒருவர் மென்பொருள் எழுதுகிறார், இரண்டு பேர் பள்ளியில் லத்தீன் சொல்லித் தருகிறார்கள். கணக்கு அவளுக்கு வரும் என்றால் ஏ லெவலில் கணிதத்தை விட வேண்டாம், இலக்கணத்துக்கும் அந்த மூளைதான் தேவை.

இந்தக் கோடையில் என்ன செய்யலாம்? டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓர்பெர்க் எழுதிய ‘ஃபமிலியா ரோமானா’ வாங்கிக் கொடுங்கள். முதல் வாக்கியத்திலிருந்து கடைசி வரை முழுக்க லத்தீன்தான், ஆனால் ‘ரோமா இன் இத்தாலியா எஸ்த்’ என்று தொடங்குவதால் யாருக்கும் புரியும். 35 அத்தியாயங்கள். வாரத்துக்கு ஒன்று, வாய்விட்டுப் படிக்க வேண்டும். உச்சரிப்பைப் பற்றி யாராவது குழப்பினால் கவலை வேண்டாம். சிசெரோவைப் பல்கலைக்கழக வகுப்பில் ‘கிகெரோ’ என்பார்கள், தேவாலய மரபில் ‘சிசெரோ’வை ஒட்டி வரும், இரண்டும் பழகிவிடும். கூடவே டிக்கின்ஸன் கல்லூரி தொகுத்த, அடிக்கடி வரும் ஏறத்தாழ ஆயிரம் சொற்களின் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். படிக்கும் நூல்களுக்குப் பெர்சியஸ் மின்நூலகம் இருக்கிறது, சொல்லைத் தொட்டால் இலக்கணம் சொல்லும். ஆனால் முதல் ஆறு மாதம் அதைத் தொட வேண்டாம் என்பேன். தானாகக் கண்டுபிடித்த விகுதிதான் மனத்தில் நிற்கும்.

ஆக்ஸ்போர்டு அல்லது கேம்பிரிட்ஜ் என்றால் விண்ணப்பம் அக்டோபர் 15-க்குள் போக வேண்டும். அதற்குள் பாதிப் புத்தகம் முடிந்திருந்தாலே நேர்காணலில் பேச விஷயம் இருக்கும். முப்பதாவது அத்தியாயத்தைத் தாண்டும்போது, குளியல் தொட்டி வரும் அந்தக் கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுங்கள். ஐந்தாறு வாக்கியம்தான். மொழிபெயர்ப்பை மட்டும் முதலில் காட்டிவிடாதீர்கள்.